பனிமலையில் ஒரு சறுக்கு மரம்!

குட்டீஸ்... மே மாதம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பள்ளி விடுமுறை, மாம்பழம், நுங்கு, மண்டையைப் பிளக்கும் வெயில்... சரிதானே? ஆனால், பூமி உருண்டையின் தென்கோடிக்குப் போனால் கதையே தலைகீழ்! நமக்குக் கோடை என்றால், அங்கே குளிர் காலம். மே மாதத்தில் பகல் சுருங்கி, இரவு நீண்டு விடும். கடலே உறையத் தொடங்கி விடும்.

அப்படி ஒரு மே மாதம். 1916ம் ஆண்டு, 19ம் தேதி, அதிகாலை 3:00 மணி. தெற்கு ஜார்ஜியா என்ற தீவில், நிலா வெளிச்சத்தில் மூன்று பேர் மலையேறப் புறப்பட்டனர். அவர்களிடம் கூடாரம் இல்லை, படுக்கையும் இல்லை. ஆளுக்கு மூன்று நாள் சாப்பாட்டை, ஒரு காலுறைக்குள் போட்டுக் கட்டி எடுத்துக் கொண்டனர். ஒரு சின்ன பம்ப் ஸ்டவ், 48 தீக்குச்சிகள், 15 மீட்டர் கயிறு, தச்சர்கள் மரம் செதுக்கும் ஒரு வாய்ச்சி... அவ்வளவுதான்! பனியில் வழுக்காமல் இருக்க, படகிலிருந்து பிடுங்கிய திருகாணிகளைப் பூட்சுகளின் அடியில் முடுக்கியிருந்தனர்.

வரைபடம்? இருந்தது. ஆனால், அதில் தீவின் ஓரம் மட்டுமே வரையப்பட்டிருந்தது. நடுப்பகுதி வெறும் வெள்ளைக் காகிதம். அந்த மலைகளை அதுவரை யாருமே அளந்து பார்த்ததில்லை.

எதற்காக இந்த விபரீத விளையாட்டு என்று கேட்கிறீர்களா? விளையாட்டு இல்லை குட்டீஸ். 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால், இன்னொரு தீவில், 22 பேர் இவர்களை நம்பிக் காத்திருந்தனர். இந்த மூவரும் வழியில் விழுந்து இறந்தால், அந்த 22 பேர் எங்கே இருக்கின்றனர் என்பதே உலகத்துக்குத் தெரியாமல் போயிருக்கும்.

மூவருக்கும் தலைவர், எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அவரது கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

அயர்லாந்து நாட்டில், கில்கியா என்ற ஊரில், 1874 பிப்ரவரி 15ல் பிறந்தார் ஷாக்கிள்டன். வீட்டில் மொத்தம் பத்துக் குழந்தைகள், இவர் இரண்டாவது. அப்பா முதலில் விவசாயம் பார்த்தார். பிறகு மருத்துவம் படித்து, குடும்பத்தோடு லண்டனுக்குக் குடியேறினார். மகனும் தன்னைப் போல டாக்டர் ஆக வேண்டும் என்பது அவரது ஆசை. மகனுக்கோ வகுப்பில் உட்கார்ந்தாலே கொட்டாவி வந்தது! கவிதை படிப்பதும், கப்பல் கதை படிப்பதும்தான் பிடித்தது. பதினாறு வயதில் படிப்பை விட்டு, பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து விட்டார். (உடனே அப்பாவிடம் போய் நின்று விடாதீர்கள்... அது அந்தக் காலம்!)

தென்துருவத்தை அதுவரை யாரும் மிதித்ததில்லை. அங்கே முதலில் போவது யார் என்று நாடுகளுக்குள் பெரிய போட்டி. 1901ல் ராபர்ட் ஸ்காட் என்பவர் தலைமையில் கிளம்பிய 'டிஸ்கவரி' கப்பலில், ஷாக்கிள்டனும் போனார். பனியில் நடந்து நடந்து நோய் கண்டு, 1903ல் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

விடுவாரா? 1907ல் தானே தலைவராகி, 'நிம்ராட்' என்ற கப்பலில் புறப்பட்டார். 1909 ஜனவரி 9ல், அவரும் மூன்று தோழர்களும் தென்துருவத்துக்கு மிக அருகில் போய் விட்டனர். இன்னும் சுமார் 180 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து விழுப்புரத்துக்குப் போகிற தூரத்தை விடக் கொஞ்சம் அதிகம்! தொட்டு விட்டால், உலகமே கொண்டாடும். ஆனால், கையில் இருந்த உணவைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். போய்த் தொட்டு விடலாம். திரும்பி வர முடியாது. நால்வரும் செத்துப் போவர்.

அங்கேயே கொடியை நட்டு விட்டுத் திரும்பி நடந்தார்.

திரும்பும் வழியில் பசி கொன்றது. ஒருநாள், பிராங்க் வைல்டு என்ற தோழர் உடல்நலம் கெட்டுத் தள்ளாடினார். அன்று காலை தன் பங்குக்குக் கிடைத்த ஒரே ஒரு பிஸ்கெட்டை, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அவர் கையில் திணித்தார் ஷாக்கிள்டன். இந்த வைல்டை மறந்து விடாதீர்கள். கதையில் மறுபடியும் வருவார்.

துருவத்தைத் தொடாமல் திரும்பியதற்கு ஷாக்கிள்டன் வெட்கப்படவே இல்லை. செத்துப் போன சிங்கமாக இருப்பதை விட, உயிரோடு இருக்கும் கழுதையே மேல் என்கிற பொருளில், தன் மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னாராம்!

கடைசியில், 1911 டிசம்பர் 14ல், நார்வே நாட்டுக்காரரான அமுண்ட்சென் துருவத்தைத் தொட்டு விட்டார். சரி, இனி என்ன செய்வது? அண்டார்டிகா கண்டத்தையே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து கடந்தால் என்ன என்று திட்டம் போட்டார் ஷாக்கிள்டன். கப்பலின் பெயர் 'எண்டூரன்ஸ்'. பொறுமையோடு தாங்கி நிற்பது என்று பொருள்.

ஆட்களை அவர் தேர்ந்தெடுத்த விதம் வேடிக்கையானது. இயற்பியல் படித்த ஓர் இளைஞரிடம், பாடத் தெரியுமா என்று கேட்டார். அவருக்கோ ஒன்றும் புரியவில்லை. பனிக்கட்டிக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஷாக்கிள்டனின் கணக்கு வேறு. மாதக்கணக்கில் இருட்டிலும் குளிரிலும் அடைந்து கிடக்கும்போது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக் கொண்டிருப்பவன், எவ்வளவு பெரிய அறிவாளியானாலும் பாரம்தான். சிரிக்கத் தெரிந்தவன்தான் வேண்டும் என்று நினைத்தார்.

சிரிப்புக்கு ஒரு ஆள் என்றால், டாம் கிரீன்தான். இவரும் அயர்லாந்துக்காரர், அன்னஸ்கால் என்ற கிராமத்தில் பிறந்த விவசாயி மகன். ஆஜானுபாகுவான உடம்பு, எப்போதும் ஒரு குறும்புச் சிரிப்பு. கப்பலில் நாய்க்குட்டிகள் பிறந்தபோது, நான்கு குட்டிகளையும் கையில் அள்ளி வளர்த்தவர் இவர்தான். குட்டிகளோடு இவர் நிற்கும் புகைப்படம் இன்றும் மிகப் பிரபலம்.

ஆனால், வெறும் தமாஷ் ஆள் என்று நினைத்து விடாதீர்கள். 1912ல், ஸ்காட்டின் இன்னொரு பயணத்தில், எவான்ஸ் என்ற அதிகாரி நோயால் நடக்க முடியாமல் விழுந்து விட்டார். அவரைக் காப்பாற்ற, மூன்று பிஸ்கெட்டையும், இரண்டு துண்டு சாக்லேட்டையும் வைத்துக்கொண்டு, 18 மணி நேரம், 56 கிலோமீட்டர் தூரம் பனியில் தன்னந்தனியாக நடந்து உதவியை அழைத்து வந்தவர் கிரீன். எவான்ஸ் பிழைத்தார்.

எண்டூரன்ஸ் கப்பல், 1914 டிசம்பரில், தெற்கு ஜார்ஜியாவிலிருந்து 28 பேருடன் கிளம்பியது. அடுத்த மாதமே வெடல் கடலில் பனிக்கட்டிகள் நாலாபுறமும் நெருக்கிப் பிடித்துக் கொண்டன. பத்து மாதம் நகர முடியவில்லை. பனியின் நெரிசலில் கப்பலின் மரப்பலகைகள் உடைந்தன. 1915 அக்டோபர் 27ல் எல்லாரும் பனிப்பாளத்தில் இறங்கினர். நவம்பர் 21ல் கப்பல் மூழ்கிப் போனது.

பாரத்தைக் குறைக்க, சொந்தப் பொருளில் ஆளுக்கு ஒரு கிலோ கூட எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உத்தரவு. ஷாக்கிள்டனே தன் தங்க நாணயங்களைப் பனியில் வீசினார். ஆனால், ஹஸ்ஸி என்பவர் வைத்திருந்த பாஞ்சோவை மட்டும் கட்டாயம் கொண்டு வரச் சொன்னார். அது கிட்டார் போன்ற ஒரு வாத்தியம். எடை ஐந்து கிலோவுக்கும் மேல்! தங்கம் வேண்டாம், பாட்டு வேண்டும் என்றால் எப்படிப்பட்ட மனிதர் பாருங்கள்.

மிதக்கும் பனிப்பாளத்திலேயே அடுத்த ஐந்து மாதம் கழிந்தது. 1916 ஏப்ரலில் பனி உடைய, மூன்று சிறு படகுகளில் ஏறி, எலிபென்ட் தீவு என்ற பாறைத் தீவில் ஒதுங்கினர். அந்தப் பக்கம் கப்பல் எதுவும் வராது. காத்திருந்தால் பட்டினிச் சாவுதான். எனவே, ஏழு மீட்டர் நீளம் கூட இல்லாத 'ஜேம்ஸ் கெய்ர்டு' என்ற படகில், ஷாக்கிள்டன், கிரீன், கேப்டன் பிராங்க் வோர்ஸ்லி உட்பட ஆறு பேர், உதவி தேடித் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்பினர். மீதி 22 பேரையும் யார் பொறுப்பில் விட்டார் தெரியுமா? பிஸ்கெட் வாங்கிச் சாப்பிட்ட அதே பிராங்க் வைல்டுதான்!

உலகிலேயே மோசமான கடல் அது. வீடு உயர அலைகள். படகின் மேல் விழுந்த தண்ணீர் அப்படியே உறைந்து பனிக்கட்டியானது. அதைக் கொத்திக் கொத்தி எறியாவிட்டால் படகு கவிழ்ந்து விடும். அந்த நிலைமையிலும் சுக்கான் பிடிக்கும்போதெல்லாம் கிரீன் ஒரு பாட்டுப் பாடுவார். அது என்ன பாட்டு, என்ன ராகம் என்று படகில் இருந்த ஒருவராலும் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை! ஆனால், அவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

பதினாறு நாளுக்குப் பின், மே 10ல் தெற்கு ஜார்ஜியாவில் கரை ஏறினர். ஆனால், ஒரு சிக்கல். திமிங்கில வேட்டைக்காரர்களின் குடியிருப்பு, தீவின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. படகோ மீண்டும் கடலில் இறங்கும் நிலையில் இல்லை. ஆறு பேரில் இருவருக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். மிச்சம் மூன்று பேர். நடுவில் மலை. பௌர்ணமி நிலவுக்காகக் காத்திருந்து கிளம்பினர்... இப்போது புரிகிறதா, முதலில் சொன்ன அந்த அதிகாலை 3:00 மணி?

ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் மற்ற இருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்காக மூவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தனர். முழங்கால் அளவுக்குப் பனி. எதிரே ஒரு மலைத்தொடர். விரித்த விரல்கள் மாதிரி சிகரங்களும், நடுவே இடைவெளிகளும் தெரிந்தன. முதல் இடைவெளிக்கு மணிக்கணக்கில் ஏறிப் போய் எட்டிப் பார்த்தால், மறுபக்கம் செங்குத்துப் பள்ளம்! இறங்கித் திரும்பி, அடுத்த இடைவெளிக்கு ஏறினர். அங்கும் அதே கதை. அடுத்ததும் அப்படியே. செங்குத்தான இடங்களில், வாய்ச்சியால் பனியை வெட்டி வெட்டிப் படி செய்துகொண்டே போக வேண்டியிருந்தது.

இடையில் பனியில் குழி தோண்டி, ஸ்டவ்வைப் பற்ற வைத்து, கெட்டியான இறைச்சிக் கஞ்சி காய்ச்சினர். மூன்று பேருக்கும் ஒரே பாத்திரம். கிரீனுக்கு மட்டும் பெரிய ஸ்பூன் கிடைத்து விட்டதாக ஷாக்கிள்டன் கேலி செய்தார். கேப்டன் வோர்ஸ்லியின் வாய் அதை விடப் பெரியது, அதனால் கணக்கு சரியாகி விட்டது என்று கிரீன் பதில் சொல்ல, மூவரும் சிரித்தனர். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்... அடுத்த வேளை உயிரோடு இருப்போமா என்று தெரியாத மூன்று பேர், பனிக்குழிக்குள் உட்கார்ந்து ஸ்பூனுக்குச் சண்டை போடுகின்றனர்!

நான்காவது இடைவெளியை அடைந்தபோது மாலையாகி விட்டது. முதுகுப்பக்கம் மூடுபனி திரண்டு வந்தது. கால் பதித்து நின்ற இடமோ கத்தி முனை மாதிரி ஒரு முகடு. எதிரே சரிவு, இருட்டில் அதன் அடி தெரியவில்லை. ராத்திரி இந்த உயரத்தில் நின்றால் மூவரும் விறைத்துச் சாவது நிச்சயம். படி வெட்டி இறங்கிப் பார்த்தனர். அரை மணி நேரத்துக்குக் கொஞ்ச தூரம்தான் இறங்க முடிந்தது.

ஷாக்கிள்டன் யோசித்தார். பிறகு, சறுக்கிப் போய் விடலாம் என்றார்!

கயிற்றை மூன்றாக வளைத்துச் சுருட்டி, ஆளுக்கு ஒரு சுருளில் உட்கார்ந்தனர். முன்னால் ஷாக்கிள்டன்; அவரைக் கால்களால் கவ்விப் பிடித்துக்கொண்டு வோர்ஸ்லி; வோர்ஸ்லியைப் பிடித்துக்கொண்டு கிரீன். நீங்கள் விளையாடும் ரயில் விளையாட்டு மாதிரியேதான். கீழே பாறை இருந்தால் மூவரும் முடிந்தனர். பள்ளம் இருந்தாலும் அப்படியே. ஷாக்கிள்டன் காலை உதைத்தார்.

சர்ர்ர்... என்று இருட்டுக்குள் பாய்ந்தனர். காற்று காதில் அலறியது. முதலில் பயத்தில் மயிர்க்கூச்செறிந்ததாகவும், கொஞ்ச நேரத்தில் குஷி தாங்காமல் கத்திக்கொண்டே போனதாகவும் வோர்ஸ்லி பின்னால் எழுதியிருக்கிறார். சில நிமிடங்களில் சரிவு மெல்லச் சமமாகி, ஒரு பனிக்குவியலில் போய் மெத்தென்று நின்றது அந்த 'ரயில்'. சுமார் 270 மீட்டர் இறங்கியிருப்போம் என்று கணக்கிட்டார் ஷாக்கிள்டன். மூவரும் எழுந்து, பனியைத் தட்டி விட்டு, ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டனர். பேன்ட்டுகள் மட்டும் கந்தல்!

இரவு முழுக்க நடை. ஓர் இடத்தில் வழி தவறி, இறங்கிய மலையையே மறுபடி ஏற வேண்டி வந்தது. விடியற்காலையில், காற்றுக்கு மறைவாக ஒரு பாறை ஓரம் உட்கார்ந்தனர். அடுத்த நொடியே வோர்ஸ்லியும் கிரீனும் தூங்கி விட்டனர். ஷாக்கிள்டனுக்கும் கண் சொருகியது. ஆனால், மூவரும் தூங்கினால் விழிக்கவே மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். ஐந்தே நிமிடம் விட்டு எழுப்பினார். அரை மணி நேரம் தூங்கியாயிற்று, கிளம்புங்கள் என்றார். நல்ல தூக்கம் போட்டோம் என்று நம்பி இருவரும் தெம்பாக எழுந்து நடந்தனர். பொய்தான். ஆனால், இந்தப் பொய்க்கு யார் அவரைக் கோபிக்க முடியும்?

காலை 7:00 மணி. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றனர். தூரத்தில் ஒரு சங்கு ஊதியது. திமிங்கில நிலையத்தின் வேலை நேரச் சங்கு! பதினேழு மாதத்தில், வெளி உலகிலிருந்து அவர்கள் கேட்ட முதல் சத்தம் அது. ஒன்றும் பேசாமல் மறுபடி கை குலுக்கிக்கொண்டனர்.

அப்புறமும் சோதனை தீரவில்லை. பனி மூடிய ஓர் ஏரியின் மேல் நடந்தபோது, பனி உடைந்து இடுப்பளவுக்கு உள்ளே போனார் கிரீன். பிறகு ஓர் அருவி. அதன் பக்கத்தில் வேறு வழியில்லை. கயிற்றைப் பாறையில் கட்டி, உறையும் தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொருவராக இறங்கினர். கயிறு அங்கேயே தொங்கட்டும் என்று விட்டு விட்டனர்.

ஊரை நெருங்கும்போது வோர்ஸ்லி பாக்கெட்டில் கை விட்டு நான்கு ஊக்குகளை எடுத்தார். இவ்வளவு நாள் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தாராம்! கிழிந்த உடையைக் குத்திச் சரி செய்தார். அதனால் கிழிசல் இன்னும் நன்றாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

மே 20 மாலை, 36 மணி நேர நடைக்குப் பின், ஸ்ட்ராம்னஸ் என்ற அந்தக் குடியிருப்பில் நுழைந்தனர். எதிரே வந்த இரண்டு சிறுவர்கள், இவர்களைப் பார்த்ததும் எடுத்தனர் ஓட்டம்! தோள் வரை முடி, புகையில் கறுத்த முகம், ஒரு வருடமாக மாற்றாத துணி... நாம் இருந்தாலும் ஓடித்தான் இருப்போம். முன்பே தெரிந்தவரான நிலைய மேலாளருக்கும் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் அழைத்துப் போனார். போர் எப்போது முடிந்தது என்று கேட்டார் ஷாக்கிள்டன். அவர் கிளம்பியபோது முதல் உலகப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. முடியவில்லை, லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருக்கின்றனர் என்ற பதில் கிடைத்தது.

அன்று இரவே, மலைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த மூவரை அழைத்து வரக் கப்பலில் போனார் வோர்ஸ்லி. குளித்து, முகம் மழித்துப் போன அவரை அந்த மூவருக்கும் அடையாளம் தெரியவில்லை! தங்கள் கேப்டன் ஏன் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டனராம்.

எலிபென்ட் தீவுக்குப் போவது அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று கப்பல்களில் மூன்று முறை முயன்றும், பனி வழி மறித்தது. ஷாக்கிள்டனின் தலைமுடி கவலையால் நரைத்தது. அங்கே தீவில், கவிழ்த்துப் போட்ட படகுகளின் அடியில் 22 பேரும் குடியிருந்தனர். தினமும் காலையில், தலைவர் இன்று வந்தாலும் வருவார், படுக்கையைச் சுருட்டி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் வைல்டு. நான்கு மாதங்கள் சொன்னார்!

நான்காவது முறை, சிலி நாட்டின் 'யெல்ச்சோ' என்ற சிறு கப்பல், லூயிஸ் பார்டோ தலைமையில் பனிக்குள் புகுந்தது. 1916 ஆகஸ்ட் 30. தீவு தெரிந்ததும், தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக் கரையில் தெரிந்த உருவங்களை எண்ணினார் ஷாக்கிள்டன். இரண்டு... நான்கு... ஆறு... எட்டு... எண்ணி முடித்தபோது, 22ம் சரியாக இருந்தது.

ஆனால், அண்டார்டிகாவின் மறுகரையில் உணவு வைக்கப் போயிருந்த அவரது இன்னொரு குழுவில், மூன்று பேர் இறந்து போயிருந்தனர். மீதி இருந்தவர்களை அழைத்து வர, 1917 ஜனவரியில் அவரே நேரில் போனார்.

டாம் கிரீன் பிற்பாடு தன் கிராமத்துக்கே திரும்பி, 'சவுத் போல் இன்' என்ற பெயரில் ஒரு விடுதி நடத்தினார். தான் செய்த சாகசத்தைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியதே அபூர்வம். மெடல்களைக் கூட எடுத்து உள்ளே வைத்து விட்டார். 1938ல் மறைந்தார்.

ஷாக்கிள்டனால் வீட்டில் இருக்க முடியவில்லை. 'குவெஸ்ட்' என்ற கப்பலில் மீண்டும் தெற்கே கிளம்பினார். தெற்கு ஜார்ஜியாவை அடைந்ததும், 1922 ஜனவரி 5 அதிகாலை, மாரடைப்பால் கப்பலிலேயே இறந்தார். வயது 47. உடலை இங்கிலாந்துக்குக் கொண்டு போகும் வழியில், அந்தத் தீவிலேயே அடக்கம் செய்யும்படி அவரது மனைவி எமிலி தகவல் அனுப்பினார். மார்ச் 5ல், கிரிட்விக்கன் என்ற இடத்தில் அடக்கம் நடந்தது.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2022ல், அதே மார்ச் 5ம் தேதி, வெடல் கடலுக்கு அடியில் 3,008 மீட்டர் ஆழத்தில் ஒரு மரக்கப்பலைக் கண்டுபிடித்தனர் ஆராய்ச்சியாளர்கள். பின்பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதன் மேல், எழுத்துக்கள் கொஞ்சமும் அழியாமல், 'எண்டூரன்ஸ்' என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.